பீலிக்கு இறங்கும் படிகள்

சும்மா கிடைத்த எதையும் நம் ஆட்கள் நம்பியதில்லை. உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். நீங்களும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள்தானே. கடை நானா ஒரு கைப்பிடி பொரிகடலை கூடுதலாகப் போட்டால், பழசோ என்று முகர்ந்து பார்ப்போம். தோட்டத்தை ஆளும் துரை வழியில் நின்று சிரித்தால், யார் கூலியில் கை வைக்கப் போகிறாரோ என்று சாயந்தரம் வரைக்கும் பேசிக்கொண்டிருப்போம். இந்த வயதிலும் பஸ்ஸில் யாராவது “பையைக் குடுங்கம்மா, வச்சுக்கிறேன்” என்றால் என் கை தானாகவே பையை இறுக்கிக்கொள்கிறது. என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அந்தச் சந்தேகப் புத்தி எங்கே ஊறியது என்று யோசித்துப் போனால், ஒரு மழைக்காலத்தின் கடைசியில் போய் நிற்கிறேன். அறுபதுகளின் தொடக்கம். இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டிலிருந்து மேலே ஏறிப் போகும் ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். எனக்குப் பதின்மூன்று வயது இருக்கும். வாய் மட்டும் முப்பது வயதுக்காரியினுடையது என்று அம்மா சொல்வாள்.

எங்கள் லயம், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறைக் காம்பராக்கள், மேட்டில். பீலி பள்ளத்தில். ஊற்றுத் தண்ணீரை மூங்கில் வழியாக இறக்கி, முனையில் ஒரு தகரத்தை உதடு போல வளைத்துச் சொருகியிருந்தார்கள். குடிக்க, குளிக்க, துணி அலச, பாத்திரம் கழுவ, லயம் முழுவதற்கும் அந்த ஒரே வாய்தான். அந்தத் தகரத்தில் தண்ணீர் விழும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தகரம் இருந்த இடத்தில் இப்போது பிளாஸ்டிக் குழாய் என்று கேள்வி. பீலிக்கு இறங்கும் வழி முழுக்கச் செம்மண். மழை பிடித்துவிட்டால் சவர்க்காரம் பூசிய மாதிரி வழுக்கும். கால்விரல்களை மண்ணில் குத்திக் குத்தித்தான் ஏறவேண்டும், அதுவும் இடுப்பில் நிறைகுடத்தோடு.

அதற்கு முந்திய மழைக்காலத்தில் சித்தி அங்கேதான் விழுந்தாள். சித்தி என்றால் என் அப்பாவின் தம்பி பெண்சாதி, எங்களுக்கு அடுத்த காம்பரா. குடம் உருண்டு பீலிக்கே திரும்பிப் போய் நின்றது. சித்தியைத் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். அப்போது அவள் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். எங்களையெல்லாம் லயத்துக் கடைசிக்கு விரட்டிவிட்டார்கள். ஆண்கள் வெளியே கம்பளியைப் போர்த்திக்கொண்டு பீடி பிடித்தார்கள். கதவு சாத்தியிருந்தது, உள்ளே பெண்கள் மட்டும். கதவு திறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சாம்பிராணி வாசம் வந்தது. பிள்ளையைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் லயத்தில் சில விஷயங்கள் அப்படித்தான். கேட்டால் அடி விழும் என்பதுகூட இல்லை, கேள்வியே காதில் விழாத மாதிரி இருந்துவிடுவார்கள்.

இப்போது சித்தி மறுபடியும் உண்டாகியிருந்தாள். மறுபடியும் மழை. மறுபடியும் அதே வழியில் அதே குடம்.

அந்தச் சமயத்தில்தான் டவுன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருநாள் பாடத்தை நிறுத்திவிட்டு, நாட்டில் அங்கங்கே இளம் பிள்ளைகள் ஒன்றுசேர்ந்து கூலி வாங்காமல் ரோடு போடுகிறார்கள், கிணறு வெட்டுகிறார்கள் என்று சொன்னார். சிரமதானம் என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். எனக்கு உட்கார முடியவில்லை. பஸ்ஸைவிட்டு இறங்கி மலை ஏறி முடிப்பதற்குள் திட்டம் தயார்: பீலிக்குப் படி கட்டுகிறோம்.

எங்கள் தோட்டத்திலிருந்து டவுன் பள்ளிக்கூடம் போன பெரிய பிள்ளைகள் நாங்கள் மூன்று பேர். கங்காணியின் மகன் எங்களில் மூத்தவன். தோள் அகலம், பேச்சு குறைவு. கடை நடத்திய முஸ்லிம் நானாவின் மகனுக்குப் பேச்சுத்தான் எல்லாம். பிறகு நான்.

“நம்ம சங்கத்துக்கு என்னா பேரு வைக்கலாம்?” என்றேன்.

“பேரு வைக்காத டீச்சரம்மா,” என்றான் நானா மகன். “பேரு வச்சாக் கூட்டம் போடணும். கூட்டம் போட்டா எங்க வாப்பா பிஸ்கட்டு குடுக்கணும்.”

கங்காணி மகன் சிரித்தான். “மம்பட்டி எங்க இருந்து எடுக்கிறது?” என்று மட்டும் கேட்டான்.

வீட்டுக்கு ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும் என்று கேட்கப் போனோம். முதல் காம்பராவிலேயே நான் ஆர்வமாக, “ஒங்க வீட்டுல எத்தன பேரு இருக்கீங்க?” என்று ஆரம்பித்தேன். ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

“எத்தன பேருன்னு எதுக்குக் கேக்குற? கப்பல்ல எடம் புடிச்சுக் குடுக்கவா?”

“இல்லக்கா, படி கட்டுறதுக்கு...”

“படி கட்டுறதுக்குத் தலைய எண்ணுவாங்களா? யாரு புள்ள ஒன்ன அனுப்புனது?”

அந்தக் காலத்தில் தலையை எண்ண வந்தவர்கள் நல்லதுக்கு வந்ததில்லை, உங்களுக்கு நினைவிருக்கும். யார் இந்த நாட்டு ஆள், யார் இந்தியாவுக்குப் போகவேண்டியவர் என்ற பேச்சு ஒவ்வொரு அடுப்படியிலும் புகையோடு புகையாக இருந்தது. நாங்கள் அடுத்த காம்பராவுக்குப் போவதற்குள் செய்தி எங்களை முந்திக்கொண்டு ஓடியது. லயம் முழுக்கக் கதவு சாத்திக்கொண்டது.

மிச்சச் சந்தேகத்தைச் சித்தப்பா கொண்டுவந்தார். அவர்தான் எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர். காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் துரையின் முகத்தைப் பார்த்துப் பேசக்கூடிய ஒரே ஆள். எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“கூலி இல்லாம வேலயாமே? யாரு சொன்னது? துரையா?”

“யாரும் சொல்லல சித்தப்பா. நாங்களாத்தான்.”

“நீங்களா? அது எப்புடி நீங்களா வரும்? கங்காணி மகன் கூட இருக்கான். அவங்கப்பன் கண்ணைக் காட்டாம அவன் மூச்சு விடுவானா?”

“சித்தி விழுந்தாங்களே சித்தப்பா. மறுபடியும் விழுந்துட்டா?”

அவர் திரும்பித் தன் காம்பராக் கதவைப் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார். “அவ விழுந்ததுக்கு அப்புறம் இந்தப் படிக்காக நான் ஆபீஸ் வாசல்ல எத்தன தரம் போய் நின்னேன்னு ஒனக்குத் தெரியுமா? இது துரை கட்டிக் குடுக்க வேண்டிய படி. நீங்க கட்டிப்புட்டா, ‘என்னா தலைவரே, ஒங்க ஆளுங்களே நல்லாச் செய்யிறாங்களே, கூரத் தகரத்தையும் அவங்களே மாத்திக்கட்டும்’பான். அப்புறம் நான் எதைக் கேக்குறது?”

இன்று நினைத்தால் அவர் சொன்னதில் பாதி நியாயம். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது.

கங்காணி வீட்டிலும் அதே கதை, தலைகீழாக. தலைவர் தன் அண்ணன் மகளான என்னை ஏவி, இவருடைய மகனைத் தொழிற்சங்கத்துக்கு இழுக்கிறார் என்று கங்காணிக்குச் சந்தேகம். “கங்காணி மகன் மம்பட்டி புடிச்சா நாளைக்கி எவன் என் சொல்லக் கேப்பான்?” என்று கத்தியது எங்கள் லயம் வரைக்கும் கேட்டது. ஆனாலும் அவன் சனிக்கிழமையே கல் புரட்டும் இரும்பு அலவாங்கு ஒன்றையும் மம்பட்டியையும் கொண்டுவந்து எங்கள் விறகுக் குவியலுக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போனான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், மலையில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை தொப்பியும் தடியுமாக வந்து சேர்ந்தார். மம்பட்டியின் காம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தோட்டத்து மம்பட்டியா?”

“வீட்டுதுங்க ஐயா,” என்றான் கங்காணி மகன்.

“ஒரு தேயிலச் செடி அசைஞ்சுதோ, ஒங்க அப்பனுங்க மூணு பேரும் ஆபீசுல வந்து நிக்கணும்.”

“எங்க வாப்பாவும் ஆபீசுக்கு வந்துட்டா, ஐயா வீட்டுக்கு யாருங்க சீனி நிறுத்துக் குடுப்பாங்க?” என்றான் நானா மகன், மிகவும் பணிவாக.

கணக்கப்பிள்ளை தடியை ஓங்கினார், அடிக்கவில்லை. போகும் வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

வேறு யாரும் வரவில்லை. நாங்கள் மூன்று பேர்தான். மண்ணைப் படிபடியாக வெட்டினோம். வெட்டிய மண் ஈரத்தில் சரிந்தது. கல் பதிக்காமல் நிற்காது என்று தெரிந்துபோயிற்று. கல் என்றால் ஓடைக்குப் போகவேண்டும். பீலிக்கும் கீழே, நெடுந்தூரம். அங்கிருந்து மேலே சுமப்பது என்றால் ஒரு மாதம் ஆகும்.

லயத்துக்குப் பின்னால், தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில், பழைய சவுக்கு மரங்கள் சில நின்றன. எங்களைச் சின்னதிலிருந்து அந்தப் பக்கம் விட்டதில்லை. காட்டேரி இருக்கிறது என்பார்கள். விறகுக்குக்கூட யாரும் அங்கே போகமாட்டார்கள். நான் டவுன் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. காட்டேரியாவது மண்ணாவது என்று முன்னால் நடந்தேன். மரத்தடியில் தட்டைத் தட்டையாகக் கற்கள். பாசி பிடித்து, பாதி மண்ணில் புதைந்து, ஒன்றுக்கொன்று இடம்விட்டு.

“நமக்குன்னே போட்டு வச்ச மாதிரி இருக்கே!” என்றான் நானா மகன்.

கங்காணி மகன் மட்டும் அலவாங்கைத் தோளிலிருந்து இறக்கவில்லை. “ஓடைக்கே போவோமே,” என்றான்.

“ஏன்?”

“சும்மாதான்.”

அந்தச் சும்மாவை நான் அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். எதையெல்லாமோ சந்தேகப்பட்ட வயது, அதை விட்டுவிட்டேன். நான் முதல் கல்லைப் புரட்டியதும் அவனும் குனிந்தான்.

பிற்பகல் மூடுபனி இறங்குவதற்குள் வேலை முடிந்தது. மேலிருந்து பீலி வரைக்கும் படி. வளைவில், சரிவு கூடிய இடத்தில், எல்லாவற்றிலும் பெரிய கல்லைப் பதித்திருந்தோம். கைகளில் தோல் உரிந்திருந்தது. நானா மகன் கடையிலிருந்து மூன்று பணிஸ் கொண்டுவந்தான். வாப்பாவுக்குத் தெரியுமா என்று நாங்கள் கேட்கவில்லை. படியிலேயே உட்கார்ந்து தின்றோம். உலகத்தில் எங்களைவிடப் பெரியவர்கள் யாரும் இல்லை.

சாயந்தரம் பெண்கள் குடங்களோடு வந்தார்கள். நான் மேலே நின்றுகொண்டேன், அவர்கள் முகத்தைப் பார்ப்பதற்காகவே. முதலில் வந்த அக்கா இரண்டு படி இறங்கினாள். நின்றாள். குனிந்து பார்த்தாள். பிறகு படியைவிட்டுச் சேற்றில் இறங்கி, பழையபடி விரலைக் குத்திக் குத்தி நடந்தாள். பின்னால் வந்தவளும் அப்படியே. பேசிக்கொண்டு வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

அம்மா என்னிடம் வந்தாள். “எங்கேருந்து எடுத்தீங்க கல்ல?”

“சவுக்கு மரத்தடியிலம்மா. நெறயக் கெடக்கு.”

அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சேற்றில் இறங்கினாள். சித்தி மேட்டில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, காலிக் குடத்தோடு திரும்பிப் போனாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நினைத்தேன். சித்தப்பா உத்தரவு போட்டிருக்கிறார். சங்கத்துப் பெண்கள் யாரும் இந்தப் படியில் கால் வைக்கக் கூடாது என்று. சொந்தப் பெண்சாதியையும் சேர்த்து.

மறுநாள் காலையில் ஒரு கல்லைக் காணோம். அது இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு பள்ளம். அதற்கு மறுநாள் இன்னொன்று. பிறகு நாள்தோறும். பல் விழுவது மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக, எந்த ஒழுங்கும் இல்லாமல்.

“துரை ஆளுங்க வேல,” என்றார் சித்தப்பா. “நம்ம ஆளு கட்டுனது நிக்கக் கூடாதுன்னு பாக்குறான்.” படி கட்டக் கூடாது என்று சொன்ன அதே வாய்.

“தலைவரு வேல,” என்றார் கங்காணி. “ராத்திரியில புடுங்கிட்டுப் பகல்ல துரை மேல பழியப் போடுறான்.”

கடை நானாவின் கடையில் வெறுந்தேத்தண்ணியும் கருப்பட்டித் துண்டுமாக உட்கார்ந்திருந்த ஆண்கள், கல்லுக்கு அடியில் புதையல் இருக்குமோ என்றுகூடப் பேசினார்கள். ஒருவர் போய் வளைவுப் பக்கம் தோண்டிப் பார்த்ததாகக் கேள்வி.

நான் கங்காணி மகனைச் சந்தேகப்பட்டேன். ஓடைக்கே போவோம் என்று சொன்னவன் அவன். மனமில்லாமல் குனிந்தவன் அவன். பஸ் வரும் இடத்தில் வைத்துக் கேட்டே விட்டேன்.

“ஒங்கப்பா எடுக்கச் சொன்னாரா?”

அவன் காது சிவந்துபோயிற்று. “தூக்கிட்டு வந்ததே நான்தான். நானே எதுக்குத் திருப்பித் தூக்கணும்?”

“அதத்தான் நானும் கேக்குறேன்.”

“ரெண்டு பேரும் சண்ட போடுங்க,” என்றான் நானா மகன். “நான் எடுத்தேன்னு வச்சுக்குவோம். எங்க வீட்டு அம்மி தேஞ்சு போச்சு.” யாரும் சிரிக்கவில்லை. அன்று பஸ்ஸில் மூவரும் மூன்று இடத்தில் உட்கார்ந்தோம். எங்கள் சங்கம், பேர் வைக்காத சங்கம், அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

கையும் களவுமாகப் பிடிப்பது என்று முடிவு செய்தேன். விடியற்காலையில், பெரட்டுக்குத் தப்பு அடிப்பதற்கு முன்னாலேயே எழுந்து, கிழிந்த கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, படிக்குப் பக்கத்துத் தேயிலைக்குள் போய் உட்கார்ந்தேன். பனி. அடுப்புப் புகை வாசம். கால் கூசியது, அட்டை ஏறுகிறது என்று தெரிந்தும் அசையவில்லை.

கதவுச் சத்தம் கேட்டது. முதலில் ஒரு குப்பி விளக்கு. பின்னால் இரண்டு பேர்.

விளக்கைப் பிடித்திருந்தது என் அம்மா.

பின்னால் சித்தி, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு. அம்மா ஒரு படிக்கு முன்னால் குந்தி, கவ்வாத்துக் கத்தியால் கல்லைச் சுற்றி மண்ணைக் கிளறினாள். கல்லை மட்டும் அவள் தொடவில்லை. சித்திதான் குனிந்து, முக்கி, அதைப் பெயர்த்தாள். அம்மா கொழுந்துக் கூடையைப் பிடித்தாள்; சித்தி அதற்குள் கல்லை வைத்தாள். சத்தம் வராமல், தூங்கும் பிள்ளையைக் கிடத்துகிற மாதிரி. பிறகு கூடையின் கயிற்றைத் தன் நெற்றியில் தானே மாட்டிக்கொண்டாள். அம்மா உதவிக்கு நீட்டிய கையை மறுத்துவிட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். சவுக்கு மரத்தடியில் வேறு சில பெண்கள் நின்றார்கள். யாரும் அழவில்லை, பேசவில்லை. சித்தி ஒரு சின்னக் குழிக்கு முன்னால் மண்டியிட்டு, கல்லை வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் அமுக்கினாள். அம்மா நான்கு அடி தள்ளி, ஏற்கெனவே திரும்பி வந்திருந்த இன்னொரு கல்லின் மேல் விழுந்திருந்த சருகை எடுத்துப் போட்டாள். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள்.

“எவ்வளவு நேரமா நிக்கிற?”

“இப்பத்தாம்மா.”

“பொய் சொல்லாத. முட்டி வரைக்கும் அட்டை.” என்னைப் பிடித்து உட்காரவைத்து, மடியிலிருந்த சவர்க்காரத் துண்டைத் தேய்த்து ஒவ்வொன்றாக விழுத்தினாள்.

“இது என்னா எடம்மா?”

அம்மா மற்றவர்களைப் பார்த்தாள். சித்திதான், மூச்சு வாங்கிக்கொண்டே, “சொல்லுங்கக்கா,” என்றாள். “பொம்பளப் புள்ளதானே. நாளைக்கித் தெரிய வேண்டியது இன்னிக்கித் தெரியட்டும்.”

“பொறந்து அழாத புள்ளைங்க,” என்றாள் அம்மா. “நரி தோண்டாம இருக்க மேல கல்லு வைக்கிறது. அவ்வளவுதான்.” பிறகு, அந்தச் சருகு எடுத்த கல்லைப் பார்த்தபடி, “ஒனக்கு மூத்தவன் ஒருத்தன் இருக்கான்,” என்றாள்.

இருந்தான் என்று அவள் சொல்லவில்லை. அதுவரைக்கும் நான்தான் வீட்டுக்கு மூத்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தேன்.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“பொதைச்சது தெரியும். எங்கன்னு தெரியாது. இது எங்க வேல. அவங்க கேக்க மாட்டாங்க, நாங்க சொல்ல மாட்டோம்.”

“எங்ககிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமேம்மா. நாங்களே கொண்டுபோய் வச்சிருப்போமே.”

“சொன்னா அது எங்க நிக்கும்? ஒங்க சித்தப்பா கூட்டத்துல பேசுவாரு. கங்காணி துரை காதுல போடுவாரு. அப்புறம் இங்கயும் ஒரு கணக்கப்பிள்ள வந்து நின்னு, ‘நல்ல எடமா இருக்கே, தேயிலக் கன்னு வைக்கலாமே’ம்பான்.” என் கன்னத்தைப் பிடித்து அழுத்தினாள். “ஆம்பளைங்ககிட்ட மூச்சு விடக் கூடாது. அந்தப் பயலுங்ககிட்டயும்.”

தப்புச் சத்தம் கேட்டது. பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு, எதுவும் நடக்காத மாதிரி, பெரட்டுக் களத்துக்குப் போனார்கள். ஆண்கள் சந்தேகப்பட்ட ஒவ்வொருவரும் ஆண். இத்தனை நாளில் ஒருவருக்கும் தன் வீட்டு அடுப்படியைப் பார்த்துச் சந்தேகம் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை.

அதற்குள் படிகளில் பாதிக்கு மேல் பள்ளம். பழைய வழுக்கு வழியைவிட இது மோசம்; பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, கால் வைத்தால் கணுக்கால்வரை போகும். சித்தியின் வயிறு கீழே இறங்கிவிட்டது என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

பிறகு நடந்ததை யாரும் கூட்டம் போட்டுச் சொல்லவில்லை. ஒருநாள் சாயந்தரம், கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒரு அக்கா, காலிக் கூடையோடு நேரே லயத்துக்கு வராமல் ஓடைப் பக்கமாகச் சுற்றி வந்தாள். படியண்டை நின்று, கூடையிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பள்ளத்தில் போட்டு, காலால் மிதித்து இறுக்கிவிட்டுப் போனாள். மறுநாள் நாலைந்து பேர். அம்மாவும் கொண்டுவந்தாள். நாள் முழுவதும் மலையில் நின்று கொழுந்தெடுத்த முதுகு, அதே முதுகில் ஒரு கல். வாத்தியார் சொன்ன சொல் அவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பள்ளங்கள் நிறைந்தன. சித்தப்பா பெரட்டுக் களத்திலிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். “பாத்தீங்களா, துரை பயந்துட்டான். சத்தமில்லாம ஆளு விட்டுக் கட்டிக்கிட்டு இருக்கான்.” கங்காணி, சங்கம்தான் களவாடிய கல்லைப் பயந்து திருப்பி வைக்கிறது என்றார். சித்தி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

ஒரு கல் மட்டும் மிச்சமிருந்தது. வளைவில் பதித்த அந்தப் பெரிய கல். அதை யாரும் எடுக்கவில்லை. யாரும் மிதிக்கவும் இல்லை. அந்த இடம் வந்ததும் எல்லாப் பெண்களும் படியைவிட்டுச் சேற்றில் இறங்கி, சரிவின் ஓரமாக ஒட்டிப்போய், மறுபடியும் படியில் ஏறினார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சித்தி அங்கே ஒருதரம் சறுக்கினாள். தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டாள். குடத்துத் தண்ணீர் முழுக்க அவள் மேலேயே கொட்டியது. முகம் வெளுத்துப்போய், என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள்.

“அது யாரோட கல்லும்மா?” என்று அன்று கேட்டேன்.

“அவ போயிட்டா. ஒனக்கு ஞாபகம் இருக்காது. குடும்பத்தோட கப்பல்ல ஏத்திட்டாங்க.”

“அப்ப நீங்க யாராச்சும் கொண்டுபோய் வைக்கலாமே?”

“அவளோட கல்ல நாங்க எப்புடித் தொடுறது?” அம்மாவுக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. “அவ வச்சது. அவதான் எடுக்கணும்.”

அவள் வரப்போவதில்லை. அந்தக் கல்லை ஏற்கெனவே தொட்டவர்கள் உலகத்திலேயே நாங்கள் மூன்று பேர்தான். நான் தனியாகப் போய் அலவாங்கை விட்டுப் பார்த்தேன், அசையவில்லை. அதைச் சுமந்து வந்தவன் யார் என்பது எனக்குத் தெரியும். பஸ்ஸில் என்னோடு பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தவன்.

அவன் வீட்டு வாசலுக்குப் போகப் பயம். பஸ்ஸைவிட்டு இறங்கி ஏறும் வழியில் முன்னால் போய் மறித்தேன்.

“அந்த வளைவுக் கல்ல எடுக்கணும்.”

புத்தகங்களை மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

“எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வைக்கணும். எதுக்குன்னு கேக்காத.”

“கேக்கலையே,” என்றான்.

புத்தகங்களை என் கையில் கொடுத்துவிட்டு நடந்தான். எங்கள் தோட்டத்தில் யார் யாரிடம் எதைச் சொன்னாலும் முதலில் வருவது எதுக்கு என்ற சொல்தான். நானும் அதைச் சொல்லித்தான் வளர்ந்தேன். அவன் அதைக் கேட்காமல் கல்லைப் பெயர்த்தான். கேட்காமல் தோளில் ஏற்றினான். செம்மண் தண்ணீர் அவனுடைய பள்ளிக்கூடச் சட்டையில் வழிந்தது. வீட்டில் அடி நிச்சயம்.

சவுக்கு மரத்தடியில் நான் வாயைத் திறப்பதற்குள் அவனே குழியைக் கண்டுபிடித்துவிட்டான். கல்லைத் தொப்பென்று போடவில்லை. மண்டியிட்டு இறக்கினான். பாசிப் பக்கம் மேலே வருகிற மாதிரி திருப்பினான். பொருந்துகிறவரைக்கும் மெல்ல நகர்த்தினான். பிறகு இரண்டு உள்ளங்கையையும் விரித்து, அமுக்கினான்.

சித்தி செய்த மாதிரியே.

எழுந்து கையைப் புல்லில் துடைத்துக்கொண்டு, “ஓடைக்குப் போவோமா?” என்றான். வழியில் நானா மகனும் சேர்ந்துகொண்டான். என்ன வேலை என்று அவன் கேட்டான், நிறையவே கேட்டான். நாங்கள் இருவரும் பதில் சொல்லவில்லை. மூவரும் உருட்டியும் சுமந்தும் ஒரு பெரிய ஓடைக் கல்லைக் கொண்டுவந்து வளைவில் பதித்தோம்.

இருட்டுவதற்கு முன் சித்தி குடத்தோடு வந்தாள். ஒவ்வொரு படியாக, கால் விரலால் முதலில் தொட்டுப் பார்த்து, பிறகு பாதத்தை வைத்து இறங்கினாள். வளைவுக்கு வந்ததும் நின்றாள். குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு, புதுக் கல்லை வெகுநேரம் பார்த்தாள்.

“இது எங்க எடுத்தது?”

நான் பதில் சொல்வதற்குள் கங்காணி மகன் சொன்னான். “ஓடையிலங்கக்கா. பழசு அதோட எடத்துல இருக்குங்க.”

சித்தி அவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். சத்தியமாக நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை. கல்லின் நடுவில் காலை வைத்து இறங்கிப் போனாள். கீழே குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

மழை விடாத ஒரு பிற்பகலில் மறுபடியும் அந்தக் கதவு சாத்தியிருந்தது. ஆண்கள் வெளியே. சித்தப்பா பீடியைப் பற்றவைக்க மறந்து விரலிடுக்கில் வைத்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து வந்த அழுகை, லயத்துத் தகரக் கூரையின் மழைச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. “புள்ளயா அது?” என்று அவர் அப்பாவிடம் கேட்டார், நம்பாமல். இன்னொரு தரம் கேட்கிறவரைக்கும் நம்பவே இல்லை.

கங்காணி மகனுக்கு யார் சொன்னார்கள் என்பது எனக்குத் தெரியாது. அவன் அம்மா ஒருநாள் சொல்லியிருக்கலாம். ஒரே மகன் அவன், அந்த வீட்டிலும் ஒரு கதவு சாத்தியிருந்திருக்கலாம். முதல் நாளே தெரிந்துதான் ஓடைக்குப் போவோம் என்றானா, அல்லது பிறகு தெரிந்ததா? எனக்குச் சந்தேகம் உண்டு, இன்றுவரைக்கும். பிற்காலத்தில் அட்டன் பஸ் நிலையத்தில் அவனை எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசியிருக்கிறோம். அதை மட்டும் கேட்டதில்லை. அவன் என்னிடம் எதுக்கு என்று கேட்காமல் இருந்தான் அல்லவா. நானும் கேட்காமலே வைத்திருக்கிறேன்.